எல்லோருக்கும் பதினெட்டு

திங்கட்கிழமை, மாலை

அன்புத் தோழி 'ஒரு நிமிஷம்' அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும், உன் தடுப்பூசி மையமும், அங்கே உன் கையால் ஊசி வாங்கிக்கொண்டு ஊரைக் கூட்டும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போன் என்றால் இரண்டாவது நிமிடமே நீ "சரி, வைக்கட்டுமா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் தீர வேண்டும்.

முதலில் பெரிய சேதி. நான் ஃபெயில். இப்படி வாயெல்லாம் பல்லாக ஃபெயிலான ஆளை நீ பார்த்திருக்க மாட்டாய். அழ வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன், ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன், பொறு.

நாம் இருவரும் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசியே ஓய்ந்த அந்த முதுநிலை நர்ஸிங் படிப்பில்தான் இப்போது இருக்கிறேன். பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சை, இரண்டு வருடம். முடித்தால் நோயாளியை நாமே பரிசோதித்து, என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, மருந்தும் ஸ்கேனும் நாமே எழுதலாம். ஆஸ்பத்திரி எனக்கு நீண்ட விடுப்பு கொடுத்திருக்கிறது. வகுப்பில் பதினோரு பேர். நாற்பத்து மூன்று வயதில் நான்தான் மூத்தவள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் மூன்று பெண்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் பதிலுக்குத் தலையசைத்துவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாவம், அவர்கள் முகத்தைப் பார்க்கணுமே. எங்கள் பயிற்றுநர் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அவளும் நம்மைப்போல வார்டில் நர்ஸாக இருந்து, இதே படிப்பைப் படித்து வந்தவள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேசாமல் பார்ப்பாள். திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கும்.

அடியே, என்ன படிப்பு தெரியுமா இது! இருபது வருடமாக ஈசிஜி எடுத்து, அழகாக மடித்து டாக்டர் கையில் கொடுத்தவள் நான். இப்போது அதே தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடாகப் படிக்கிறேன். போன வாரம் ஒருவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் நுரையீரலின் அடியில் நீர் கோத்திருப்பது காதில் கேட்டது. கேட்டது என்றால், சத்தமே இல்லாதது கேட்டது. எக்ஸ்ரே வந்து நான் சொன்னது சரி என்று ஆனதும், நடைபாதையில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு குதி குதித்தேன். என் முட்டி அதை இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் ஒரே கூத்துதான். மகளுக்கும் பரீட்சை, எனக்கும் பரீட்சை. சாப்பாட்டு மேஜையில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பாகம் பிரித்திருக்கிறாள். என் புத்தகம் கோட்டைத் தாண்டினால் கீழே போட்டுவிடுகிறாள். இவர் என் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். மருந்துப் பெயர்களை அவர் உச்சரிக்கும் அழகைக் கேட்டால் இருக்கிற நோயும் ஓடிவிடும். மாமனார் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து என் மருமகள் இப்போது பாதி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷர் பார்க்க வாசலில் ஏழு பேர் நிற்கிறார்கள்.

சரி, ஃபெயிலான கதைக்கு வருகிறேன். இங்கே ஒரு பொம்மை அறை இருக்கிறது. கட்டிலில் ஆள் உயரப் பொம்மை. மூச்சு விடும், வியர்க்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது மைக்கில் பேசினால் முனகும். இருபது நிமிடத்துக்குள் அதைப் பிழைக்க வைக்க வேண்டும். நான் உள்ளே போனேன், பல்ஸ் பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், கேஸ் ஷீட்டைப் படித்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றேன். வலப்பக்கம் டாக்டர் நிற்கும் இடமாயிற்றே! பொம்மை முனகிக்கொண்டிருக்கிறது. நான் அடக்க ஒடுக்கமாக நிற்கிறேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கடைசியில் பயிற்றுநர் உள்ளே வந்து, "யாருக்கு வழி விட்டுட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அதற்குள் பொம்மை செத்துப்போயிருந்தது.

மூன்று வாரத்தில் மறுபரீட்சை. அதிலும் போனால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான். ஆனாலும் எனக்கு ஏனோ பயமாக இல்லை, உற்சாகமாக இருக்கிறது. இடப்பக்கம் நிற்பதுதான் நோய் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் பார்த்துவிடலாம் இல்லையா?

பழைய வார்டில் போன வாரம் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். ஒன்பதாம் கட்டிலுக்குப் புது மெத்தை வந்திருக்கிறது. அதைப் பற்றி நீ பேச மாட்டாய் என்று தெரியும். நானும் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

நான் தேற வேண்டும் என்று மனசார ஒரு வரி எழுதிப் போடு. உன் வாய்முகூர்த்தம் எப்போதும் பலிக்கும்.

கட்டிலின் இடப்பக்கம் நிற்கும்,
உன் பாதி டாக்டர்

----

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் அஞ்சலட்டை வந்து சேர்ந்தது. நான் நான்கு பக்கம் எழுதினேன். நீ ஆறே வார்த்தை எழுதியிருக்கிறாய். "கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பொம்மையின் மூச்சை எண்ணினாயா?"

இரண்டு நாள் உன்மேல் எனக்குக் கோபம். அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிமேல் கவிழ்த்து வைத்தேன். இவர் எடுத்துப் படித்துவிட்டு, தோழி என்ன கேட்கிறாள் என்றார். ஒன்றுமில்லை, கிண்டல் செய்கிறாள் என்று சமாளித்தேன். உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் முதலில் பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

புதன்கிழமை எனக்கு அறுவை சிகிச்சை வார்டில் பயிற்சி. பஸ் டிரைவருக்கு ஐம்பத்தாறு வயது, குடலில் அறுவை முடிந்து மூன்றாம் நாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருந்தார். கன்னத்தில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். நான் போனதும் மணி என்ன என்று கேட்டார். பத்தே கால் என்றேன். பிரஷர் பட்டையைச் சுற்றும்போது மறுபடியும் மணி என்ன என்றார். சொன்னேன். பட்டையை அவிழ்க்கும்போது மூன்றாம் தடவையும் கேட்டார். முப்பது வருடம் நிமிடக் கணக்கில் பஸ் ஓட்டியவர், சுவரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார். மனைவி சிரித்துக்கொண்டே, தூக்கக் கலக்கம் என்றார்.

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். மூச்சு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. உனக்குத்தான் தெரியுமே. பல்ஸுக்கு மெஷின் இருக்கிறது, பிரஷருக்கு மெஷின் இருக்கிறது. மூச்சைத்தான் நாமே எண்ண வேண்டும். அவசரத்தில் யார் எண்ணுகிறார்கள்? உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் பதினெட்டுப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். முழுசாக ஒரு நிமிடம் எண்ணியவள் நம் வார்டில் நீ ஒருத்திதான். டாக்டர் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்", மேட்ரன் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்". அதுவே உனக்குப் பெயராகிவிட்டது.

உன் அட்டை கண்முன் வந்து நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டேன், மறு கையை அவர் மார்பின்மேல் வைத்தேன். மனைவி ஏதோ கேட்க வந்தார். நான் நிமிராமலே, "ஒரு நிமிஷம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் குரல் மாதிரியே இருந்தது தெரிந்தது. எண்ணி முடித்தேன். முப்பத்தொன்று.

அப்புறம் மற்றதெல்லாம் தானாகவே கோத்துக்கொண்டது. பல்ஸ் நூற்றுப் பதினாறு. மேல் பிரஷர் எப்போதும் நூற்று நாற்பது இருப்பவருக்கு இப்போது நூறு. சிறுநீர்ப் பை காலையிலிருந்து நிறையவே இல்லை. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இருந்தது. உள்ளே தையல் விட்டுப்போய் விஷம் ரத்தத்தில் ஏறுகிறது என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பயிற்றுநர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நான் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸ் ஓடினாள். ஆக்சிஜன் வைத்தோம். ரத்தம் எடுத்தோம், அதை எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் போட்டோம், டிரிப்பை வேகமாக விட்டோம். ஒவ்வொன்றையும் நான் எழுத எழுதப் பயிற்றுநர் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு அறுவை டாக்டருக்குப் போன் செய்தேன். இருபது வருடமாக நான் போனில் சொன்னது ஒரே வாக்கியம்தான், நோயாளி சரியில்லை, வந்து பாருங்கள் சார். அன்று அதைச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன், செய்ததைச் சொன்னேன், பிறகு, "தையல் விட்டிருக்குன்னு நினைக்கிறேன் சார். ஸ்கேனுக்கு அனுப்பறேன். ஆபரேஷன் தியேட்டர் தயாரா இருக்கணும்" என்றேன். யார் பேசுவது என்று கேட்டார். சொன்னேன். சரி, அனுப்புங்கள், நான் கீழே வருகிறேன் என்றார். அவ்வளவுதான், அனுப்பிவிட்டோம்.

ஸ்கேனில் அதேதான். மதியமே மறுபடி திறந்து சரி செய்தார்கள். இன்று காலையில் போய்ப் பார்த்தேன், ஆள் உட்கார்ந்திருக்கிறார். மணி ஒரே தடவைதான் கேட்டார், அதுவும் கஞ்சி ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டுவதற்காக. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டார். புதன்கிழமை முழுக்க நான் கட்டிலின் வலப்பக்கத்தில்தான் நின்றிருந்தேன் என்பது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பொம்மையின் மூச்சை நான் எண்ணவில்லை. பொம்மை செத்ததற்கு உண்மையான காரணம் அதுதான். கையில் கொடுத்த ஷீட்டில் பதினெட்டு என்று இருந்தது, அதை அப்படியே நம்பினேன். பொம்மையோ முப்பது விட்டுக்கொண்டிருந்தது. ஏமாறுகிறோமா என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றேதான் தப்பான எண்ணை எழுதியிருந்தார்கள். போன கடிதத்தில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று கதை அளந்து உன்னைச் சிரிக்க வைத்தேனே தவிர, இதைச் சொல்லவில்லை. நீ ஆறு வார்த்தையில் அதைப் பிடித்துவிட்டாய்.

சொல்லாததற்குக் காரணம் பொம்மை இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் கட்டிலில் இருந்த தையல்கார அம்மா. அன்று பத்து மணிக்கு நீ எண்ணி இருபத்தெட்டு என்று எழுதினாய். டாக்டருக்கு மூன்று தடவை போன் செய்தாய். அவர் ஷீட்டில் முந்தின எண்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எல்லாம் பதினெட்டாக இருக்கிறது, உன் கணக்கு தப்பு, திரும்ப எண்ணு என்று சொல்லிவிட்டார். அவர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மூன்றாம் நாள் அந்த அம்மா போய்விட்டார். விசாரணையிலும் அதையே சொன்னார்கள், அத்தனை பதினெட்டுக்கு நடுவே இந்த ஒன்றுதான் பிழை என்று. இனி கவனமாக எண்ணுகிறேன் என்று உன்னிடமே எழுதி வாங்கினார்கள். நீ எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு அந்தத் தூரத்து ஊருக்குப் போய்விட்டாய்.

உன் இருபத்தெட்டுக்கு நேர் மேலே, காலை ஏழு மணிக்கு எழுதிய பதினெட்டு என்னுடையது. நான் எண்ணவில்லை. போர்வையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. விசாரணையில் ஏழு மணிக்கு எண்ணினீர்களா என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு அன்றே தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டே ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளுக்குப் போன் செய்தாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுபரீட்சை அடுத்த வியாழக்கிழமை. இந்தத் தடவை வாழ்த்து கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஏழு மணிப் பதினெட்டை எழுதியவள்

----

சனிக்கிழமை, காலை

என் அன்புத் தோழிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவிடுகிறேன். எந்தப் பையனிடமிருந்து அம்மாவுக்குக் கடிதம் வருகிறது என்று மகள் கேலி செய்கிறாள். சரி, நானே எழுதுகிறேன்.

தேறிவிட்டேன்டி! நல்லபடியாகத் தேறிவிட்டேன். உள்ளே போனதும் பொம்மைக்கு முதலில் வணக்கம் சொன்னேன், போன தடவை கொன்றதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. நேராக வலப்பக்கம் போனேன். ஷீட்டைக் கவிழ்த்து வைத்தேன். மார்பில் கை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன். இருபது நிமிடத்தில் ஒரு நிமிடத்தைச் சும்மா நின்று செலவழிக்கிறாளே என்று கண்ணாடிக்குப் பின்னால் தேர்வாளர்கள் பேசிக்கொண்டார்களாம். எண்ணி முடித்ததும் ஆக்சிஜனைத் திறந்தேன். பதினேழாவது நிமிடத்தில் பொம்மை பிழைத்துக்கொண்டது. என் பயிற்றுநர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள், பிறகு மேலே ஏற்றிவிட்டாள். அவளுக்கு அதுதான் கைதட்டல். வீட்டில் மாமனார் என்னை முழு டாக்டராகவே ஆக்கிவிட்டார். மகள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இரண்டு விரல் அகலம் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறாள்.

அடுத்ததாக ஒன்று. பரீட்சைக்கு முந்தின நாள், புதன்கிழமை, பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேறின பிறகு போனால் அது தைரியத்தில் சேராது என்று தோன்றியது. நம் தலைமைச் செவிலியரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்று ஏழு மணிப் பதினெட்டை எண்ணாமல் எழுதினேன், விசாரணையில் பொய் சொன்னேன், பத்து மணிக்கு என் தோழி எழுதிய இருபத்தெட்டுதான் அந்த ஷீட்டில் இருந்த ஒரே உண்மை என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "இது வெளியே போனா உங்க படிப்பு நின்னுடலாம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். தேதி போட்டு, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

விசாரணையை மறுபடி திறக்கப்போகிறார்களாம். அடுத்த மாதம் என்னைக் கூப்பிடுவார்கள். விடுப்பை ரத்து செய்யலாம், எச்சரித்து விடலாம், என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. பயிற்றுநரிடமும் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் வகுப்புக்கு வரலாம், தாமதமாக மட்டும் வரக் கூடாது என்றாள். இவரிடமும் சொன்னேன். அன்று நானே எண்ணியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தத் தெரியாது என்பது என்னோடுதான் இருக்கும், அதை எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தும் இறக்கி வைக்க முடியாது. ஆனால் உன் தோளில் ஏற்றியதை இறக்கலாம் அல்லவா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான்கு வருடத்தில் முதல் தடவையாக வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

இந்த உறையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று, நான் கொடுத்த அந்த ஒரு பக்கத்தின் நகல், முத்திரையோடு. உன்னிடம் எழுதி வாங்கினார்களே, அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள். இன்னொன்று, அடுத்த ஆண்டுப் படிப்புக்கான விண்ணப்பம். இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நான் இங்கே இருப்பேனா என்று தெரியாது. நான் இல்லாமல் போனாலும் நீ இருக்க வேண்டும். இந்த இடம் முதலிலிருந்தே உன்னுடையது. நான்தான் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோபத்தோடேயே வா. என்னோடு பேசாதே, எனக்கு முன் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார். எத்தனையோ கட்டிலில் எத்தனையோ பேருக்கு யாராரோ எண்ணாமல் பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் ஒரு நிமிடம் கை வைக்க நீ வா.

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தையும் நான் நிரப்பவில்லை, பென்சிலால்கூட. உன்னைப் பற்றி எண்ணாமல், கேட்காமல் நான் எழுதியது ஒரு தடவை போதும். நீயே எழுது.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தோழி